கேளுங்கள், சொல்கிறோம்: மார்மன் சபையில் பெண்களுக்கு ஏன் ஆசாரியத்துவம் இல்லை?

பெங்களூரு மார்மன் ஆலயம் பற்றிச் சென்ற இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. அவற்றிலிருந்து சில.

கே: பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி குடும்பம் இந்தச் சபைக்குப் போகிறது. அவன் மகனுக்கு 12 வயது. ‘ஆசாரியத்துவம்’ கொடுத்தார்களாம். மூத்தவள் பெண், 15 வயது. அவளுக்குக் கிடையாதாம். பால் மணம் மாறாத பையன் ஆசாரியனா? இது என்ன கணக்கு?
– வாசகி, ஓசூர்

ப: கணக்கு இதுதான் அம்மா. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இந்தச் சபையில் சம்பளத்துக்கு வரும் குருவானவர் உள்ளூரில் கிடையாது. வேதக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்தான் பீடத்தில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. பன்னிரண்டு வயதைத் தொடும் பையனிலிருந்து தொண்ணூறு வயதுத் தாத்தா வரை, சபை ஒழுக்கப்படி நடக்கும் எல்லா ஆண்களுக்கும் ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், உண்டு. உள்ளூர்ச் சபையின் தலைவரான பிஷப்பே ஒரு கணக்காளராகவோ மென்பொருள் ஊழியராகவோதான் இருப்பார். ஐந்தாறு வருடம் அந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

இதில் இரண்டு நிலை. கீழ்நிலை ஆரோனிய ஆசாரியத்துவம். மேல்நிலை மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம். பையன் 12 வயது நிறையும் ஆண்டின் ஜனவரியிலேயே டீக்கன் ஆகலாம். 14-ல் அடுத்த படி, 16-ல் அதற்கும் அடுத்தது. 18 வயதுக்கு மேல் மெல்கிசேதேக்கு நிலையில் மூப்பர். முதலில் பிஷப் பையனைத் தனியே பேட்டி காண்பார். பிறகு ஞாயிறு கூடுகையில் அவன் பெயரைச் சொல்வார்கள். ஒப்புக்கொள்வோர் வலது கையை உயர்த்துவார்கள். அதன்பின் அதிகாரமுள்ள ஆண்கள் (பெரும்பாலும் அப்பாவும் அதில் ஒருவர்) அவன் தலையில் கை வைத்து, முழுப் பெயரைச் சொல்லி, எந்த அதிகாரத்தால் எந்தப் பொறுப்பில் அமர்த்துகிறோம் என்று சொல்லி ஜெபிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படி ஆன பையன் என்ன செய்வான்? ஞாயிறு திருவிருந்தைப் பாருங்கள். மேசையில் ரொட்டியும் தண்ணீரும் இருக்கும். திராட்சை ரசம் இவர்களுக்கு இல்லை. 14, 15 வயதுப் பையன்கள் தட்டுகளையும் சின்னத் தண்ணீர்க் கிண்ணங்களையும் அடுக்கி வைப்பார்கள். 16 வயதைத் தாண்டியவர்கள் ரொட்டியைப் பிய்த்து, முழங்காலிட்டு ஜெபத்தை வாசிப்பார்கள். அந்த ஜெபம் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் தலைமை வகிப்பவர் கவனித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார். பதற்றத்தில் மூன்று முறை வாசிக்கும் பையன்களும் உண்டு. பிறகு டீக்கன் பையன்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார்கள்.

வேடிக்கை இங்கேதான். தட்டு வரிசையின் ஓரத்துக்கு வந்ததும் கைக்குக் கை மாறும். உங்கள் தம்பி மகள் தட்டை வாங்கித் தானும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவாள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மேசையிலிருந்து வரிசை ஓரம் வரைக்கும் அந்தப் பத்தடி தூரம் தட்டைச் சுமக்கத்தான் அவளுக்கு அனுமதி இல்லை. தம்பி செய்வான், அக்கா செய்ய முடியாது. பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது இந்தப் பத்தடியைத்தான்.

கே: எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையிலும் பெண்கள் குருவாக முடியாதே. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், எலத்தகிரி

ப: தடை ஒன்றுபோலத் தெரியும், விழும் இடம் வேறு. கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பின் 1024-வது விதி, திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே குருப்பட்டம் பெற முடியும் என்கிறது. 1994 மே 22 அன்று இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார். ஆனால் உங்கள் பங்கில் ஆண்களிலும் நூற்றுக்கு ஒருவர்கூட குரு இல்லை. கோயிலில் உட்கார்ந்திருக்கும் கணவனும் மனைவியும் ஒரே நிலை, இருவரும் பொதுநிலையினர். வாசகர், பீடத்துணைவர் பணிகளையும் 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பெண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டார்.

மார்மன் குடும்பத்தில் அப்படியில்லை. அப்பாவுக்கு உண்டு, அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு உண்டு. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் இல்லை. கோடு வீட்டுக்குள்ளேயே விழுகிறது.

இன்னொன்று. உள்ளூர் நிர்வாகம் முழுக்க இந்த ஆசாரியத்துவத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பிஷப்பும் அவருடைய இரண்டு ஆலோசகர்களும் ஆண்கள். தசமபாகப் பணம், ஏழைகளுக்கான உதவி, யாருக்கு எந்தப் பொறுப்பு, தவறு செய்தவரை என்ன செய்வது என்று எல்லாமே அங்கே போய்த்தான் முடிகின்றன.

கே: பெண்கள் என்னதான் செய்யலாம்? செய்யக் கூடாதது எது? ஒரே மூச்சில் சொல்லுங்களேன்.
– வாசகர், பாலக்கோடு

ப: ஞாயிறு கூடுகையில் மேடையேறிப் பிரசங்கம் செய்யலாம், ஜெபம் சொல்லலாம், பாட்டு நடத்தலாம், பெரியவர்களுக்கு வேதபாடம் எடுக்கலாம். ரிலீஃப் சொசைட்டி என்ற பெண்கள் அமைப்புக்கும் சிறுவர் வகுப்புக்கும் இளம்பெண்கள் வகுப்புக்கும் அவர்களே தலைவிகள். 18 மாதம் ஊழியத்துக்குப் போகலாம். 2012-ல் அதற்கான வயது 21-லிருந்து 19 ஆனதும் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆலயத்துக்குள்ளே (ஞாயிறு கூட்டம் நடக்கும் சபைக் கூடம் வேறு, சிறப்புச் சடங்குகளுக்கான ஆலயம் வேறு) பெண்களைக் கழுவி எண்ணெய் பூசும் சடங்கைப் பெண்களேதான் நடத்துகிறார்கள். வெளியே முடியாதது உள்ளே எப்படி முடிகிறது என்று கேட்டால், நேரடியான பதில் சபையிடமிருந்து வருவது அபூர்வம்.

திருவிருந்தை ஆசீர்வதிப்பது, ஞானஸ்நானம் கொடுப்பது, தலையில் கை வைத்து உறுதிப்படுத்துவது, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஆசீர்வதிப்பது, பிஷப் ஆவது, சபையின் உச்சியில் இருக்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவராவது – இவை முடியாது.

நடுவில் ஒரு சங்கதி. ஞானஸ்நானத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தும்போது கால் கட்டைவிரலோ தலைமுடியோ துணியின் ஓரமோ மேலே தெரிந்தால் செல்லாது. திரும்ப அமிழ்த்த வேண்டும். அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதுதான் சாட்சிகள் வேலை. 2019 அக்டோபர் வரை இந்தச் சாட்சிகள்கூட ஆண்களாகவே இருக்க வேண்டும். பெற்ற தாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவள் பார்த்தது கணக்கில் வராது. அந்த மாதம்தான் ஞானஸ்நானம் பெற்ற எவரும் சாட்சியாகலாம் என்று மாற்றினார்கள். சபை இதுவரை மாறிய விதமே இதுதான்: ஆசாரியத்துவத்தைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள வேலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுப்பது.

கே: ஆரம்பத்தில் பெண்களுக்கும் இந்த அதிகாரம் இருந்ததாகப் படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, அரூர்

ப: பாதி உண்மை, மீதி சண்டை. 1842 மார்ச் 17 அன்று இல்லினாய் மாநிலம் நாவூ நகரில் ரிலீஃப் சொசைட்டி தொடங்கியது. ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா அதன் முதல் தலைவி. பெண்களின் இந்தச் சங்கத்தை ‘ஆசாரியர்களின் ராஜ்யமாக’ ஆக்கப்போவதாக ஜோசப் ஸ்மித் அந்தக் கூட்டங்களில் பேசியது நடவடிக்கைக் குறிப்பிலேயே இருக்கிறது. அவர் நினைத்தது ஆசாரியப் பட்டமளிப்பா, ஆலயச் சடங்கா என்பதில்தான் இன்றுவரை வழக்கு. வரலாற்றாசிரியர் டி. மைக்கேல் குவின், 1843 முதலே ஆலயச் சடங்கு வழியாகப் பெண்களுக்கு ஆசாரியத்துவம் இருக்கிறது என்று வாதிட்டு எழுதினார். 1993 செப்டம்பரில் சபை நடவடிக்கைக்கு உள்ளான ஆறு பேரில் அவரும் ஒருவர்.

வழக்கே இல்லாத விஷயம் நோய் தீர்க்கும் ஜெபம். 19-ஆம் நூற்றாண்டு முழுக்க மார்மன் பெண்கள் எண்ணெய் பூசி, கை வைத்து ஆசீர்வதித்தார்கள், பிரசவத்துக்குப் போகும் பெண்களுக்கு முக்கியமாக. ஆண் தலைவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினார்கள். 1946-ல் அப்போஸ்தலர் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித், மூப்பர்களை அழைப்பதே நல்லது என்று ரிலீஃப் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தோடு அது ஏறக்குறைய நின்றுபோனது.

பணமும் அப்படித்தான். 1876 முதல் ரிலீஃப் சொசைட்டிப் பெண்கள் கோதுமை சேமித்து வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-ல், அமெரிக்க அரசுக்கு இரண்டு லட்சம் புஷலுக்கு மேல் விற்கும் அளவுக்குக் களஞ்சியம் நிறைந்திருந்தது. தனிக் கட்டடம், தனி நிதி, தனிப் பத்திரிகை எல்லாம் வைத்திருந்தார்கள். 1970-ஐ ஒட்டி நிதி பொது நிர்வாகத்துக்குப் போனது, பத்திரிகையும் அந்த டிசம்பரோடு நின்றது. பட்டம் இல்லாவிட்டாலும் பிடி இருந்தது. பிறகு அந்தப் பிடியும் போனது. எழுபதுகளில் பெண்களுக்கு ஏன் ஆசாரியத்துவம் இல்லை என்ற கேள்வி கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

(இதே சபைப் பெண்கள்தான் யூட்டாவில் 1870-லேயே வாக்களித்தவர்கள். 1896-ல் மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற மார்மன் மருத்துவர், தன் கணவரும் நின்ற தேர்தலில் ஜெயித்து அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனார்.)

கே: பெண்கள் வரிசையில் நின்று கேட்டார்கள், தலைவியைச் சபையை விட்டே நீக்கினார்கள் என்கிறார்களே, என்ன நடந்தது?
– வாசகர், கிருஷ்ணகிரி

ப: 1997-லிருந்து தொடங்க வேண்டும். அப்போதைய சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லியிடம் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று இதைக் கேட்டது. கடவுள் வெளிப்படுத்தினால் மாறலாம், ஆனால் நம் பெண்கள் யாரும் அதற்காகக் கிளர்ச்சி செய்யவில்லையே என்ற பொருளில் பதில் சொன்னார்.

கிளர்ச்சி 2013-ல் வந்தது. ரிலீஃப் சொசைட்டி பிறந்த அதே மார்ச் 17-ஐத் தேர்ந்தெடுத்து ‘ஆர்டெய்ன் விமன்’ (பெண்களுக்கும் ஆசாரியப் பட்டம் கொடுங்கள்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் கேட் கெல்லி என்ற வழக்கறிஞர். அக்டோபர் 5 அன்று சபையின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில் ஆண்களுக்கு மட்டுமான ஆசாரியத்துவக் கூட்டத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் அனுமதி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இல்லை என்றார்கள். அந்தக் கூட்டத்தை அந்த வருடம்தான் முதல்முறையாக எல்லோரும் பார்க்கும்படி நேரடியாக ஒளிபரப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், உள்ளே வரக் கூடாது. 2014 ஏப்ரல் 5 அன்று மீண்டும் போனார்கள், மீண்டும் அதே பதில். ஜூன் 23 அன்று கேட் கெல்லி நீக்கப்பட்டார். விசாரித்தது அவர் முன்பு இருந்த வர்ஜீனியா சபையின் பிஷப்பும் ஆலோசகர்களும், மூவரும் ஆண்கள், அவர் நேரில் இல்லை. கேள்வி கேட்டதற்காக இல்லை, பகிரங்கமாக ஆள் சேர்த்ததற்காகத்தான் என்பது சபைத் தரப்பு.

அந்த 2014 ஏப்ரல் கூட்டத்தில்தான் அப்போது அப்போஸ்தலராக இருந்த டாலின் ஓக்ஸ் ஒரு முக்கியமான விளக்கம் கொடுத்தார். சபைப் பொறுப்பில் இருக்கும் பெண்ணும் ஆசாரியத்துவ அதிகாரத்தால்தான் அதைச் செய்கிறாள். ஆனால் அந்த அதிகாரத்தின் ‘திறவுகோல்கள்’ ஆண்களிடம் இருக்கின்றன என்றார். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் பூர்த்தி செய்யலாம், கையெழுத்து வி.ஏ.ஓ.வுடையது. இதைப் பெரிய முன்னேற்றம் என்றவர்களும் உண்டு, பழைய கள் புது மொந்தை என்றவர்களும் உண்டு. 2015-ல் சபையின் மூன்று உயர்நிலைக் குழுக்களில் தலா ஒரு பெண் தலைவியைச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கே: அந்தச் சபைப் பெண்களே இதைக் கேட்கிறார்களா? வெளியில் இருப்பவர்கள்தான் கூச்சல் போடுகிறோமா?
– வாசகி, தருமபுரி

ப: நறுக்கென்ற கேள்வி. பியூ ஆய்வு மையம் 2011-ல் அமெரிக்க மார்மன்களிடம் கருத்துக் கேட்டது. பெண்களுக்கு ஆசாரியத்துவம் வேண்டாம் என்றவர்கள் 87 சதவீதம். ஆண்களில் 84, பெண்களில் 90. ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக வேண்டாம் என்றார்கள்.

வேண்டாம் என்பவர்களின் வாதம் இது: ஆசாரியத்துவம் சொத்து இல்லை, சேவை, அதன் ஆசீர்வாதம் இருபாலருக்கும் ஒன்றே, இயேசு தேர்ந்தெடுத்த பன்னிருவர் ஆண்கள், 1995-ல் சபை வெளியிட்ட குடும்பப் பிரகடனம் தந்தைக்குத் தலைமை, தாய்க்குப் பேணல் என்று பிரித்திருக்கிறது. பிள்ளை பெறுவதும் பேணுவதும் ஆசாரியத்துவத்துக்கு ஈடு என்பார்கள். இந்தக் கடைசி வாதம் எங்களுக்கு ஒட்டவில்லை. தாய்மைக்கு ஈடு தந்தைமைதானே? அது ஆண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை இல்லாதவளுக்கு இந்தத் தராசில் என்ன வைப்பார்கள் என்பதும் தெரியவில்லை.

அந்த 90 சதவீதத்தை வைத்து எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 மார்ச்சில், பெண்களுக்கு இவ்வளவு பரந்த அளவில் அதிகாரம் தந்த வேறு மத அமைப்பு இல்லை என்று ஒரு பெண் தலைவர் பேசியதைச் சபை சமூக ஊடகத்தில் போட்டது. ஆயிரக்கணக்கில் மறுமொழிகள் குவிந்தன. பலவற்றை எழுதியவர்கள் வாரம் தவறாமல் சபைக்குப் போகும் பெண்கள். பட்டம் வேண்டாம், முடிவெடுக்கும் மேசையில் இடம் வேண்டும் என்பது அவற்றில் அடிக்கடி வந்த குரல்.

கே: வீட்டில் ஆண் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?
– வாசகி, பென்னாகரம்

ப: விவாதத்தின் உண்மையான வலி இங்கேதான் இருக்கிறது. 2020-ல் கொரோனாவால் கூடுகைகள் நின்றபோது, பிஷப் அனுமதியோடு வீட்டிலேயே திருவிருந்து நடத்தலாம் என்றார்கள். அப்பாவோ 16 வயது மகனோ இருந்த வீட்டில் ஞாயிறுதோறும் ரொட்டியும் தண்ணீரும் நடந்தன. விதவை, திருமணமாகாதவர், கணவர் சபையைச் சேராதவர் வீட்டில் ரொட்டி இருந்தது, ஜெபப் புத்தகம் இருந்தது, வாசிக்கத் தகுதியுள்ளவர் இல்லை. வேறு வீட்டு ஆண் வந்தால்தான் உண்டு. ஊரடங்கில் யார் வருவார்கள்? மாதக்கணக்கில் திருவிருந்து இல்லாமல் இருந்தவர்கள் உண்டு.

சின்ன ஊரில் சபை தொடங்குவதற்கும் இதே சிக்கல். விசுவாசமுள்ள இருபது பெண்கள் கூடினாலும், ஆசாரியத்துவம் பெற்ற ஆண் இல்லாமல் அங்கே கிளைச் சபை அமையாது. பொறுப்பான ஒருவர் குடும்பத்தோடு வேலை மாறிப் போய்விட்டால் கிளையே தள்ளாடும்.

கே: மார்மன் வழியில் வந்த எந்தச் சபையாவது பெண்களுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறதா?
– வாசகர், ஊத்தங்கரை

ப: கொடுத்திருக்கிறது. ஜோசப் ஸ்மித் 1844-ல் கொல்லப்பட்ட பிறகு சபை பல கிளைகளாகப் பிரிந்தது. மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிளை இன்று ‘கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட்’. அதன் தலைவர் வாலஸ் ஸ்மித் 1984-ல் தனக்கு வெளிப்பாடு வந்ததாகச் சொல்லி மாநாட்டின் முன் வைத்தார், ஏற்றுக்கொண்டார்கள். 1985 நவம்பர் 17 அன்று முதல் பெண்கள் பட்டம் பெற்றார்கள். விலையும் கொடுத்தார்கள்: ஒப்புக்கொள்ளாத ஆயிரக்கணக்கானவர்கள் பிரிந்து தனித்தனிச் சபைகளாகப் போனார்கள். 2025-ல் ஸ்டாசி கிராம் என்ற பெண் அந்தச் சபையின் தலைவராகவே ஆகிவிட்டார்.

நாம் இதுவரை பேசிய சால்ட் லேக் சபை மாறுமா என்றால், வழி ஒன்றுதான். கறுப்பின ஆண்களுக்கும் 1978 வரை அங்கே ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது. அந்த ஜூன் 1 அன்று தலைவர் ஸ்பென்சர் கிம்பலும் அப்போஸ்தலர்களும் ஆலயத்தில் கூடி ஜெபித்தார்கள். 8-ஆம் தேதியிட்ட அறிவிப்பு, தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் என்றது. செப்டம்பர் 30 அன்று பொது மாநாடு கை உயர்த்தியது. தலைவரும் பன்னிருவரும் ஒருமனதாக வராமல் அங்கே எதுவும் நகராது. ஒருமனதாக வந்துவிட்டால் ஒரு வாரத்தில் நகரும். மறுப்பவர்கள் சொல்வது: ஆண்களுக்குள் இருந்த தடை வேறு, ஆண்-பெண் வேறுபாடு வேறு.

கே: நம் ஊரில் பெண் அர்ச்சகர்கள் வந்ததுபோல் நீதிமன்றம் போக முடியாதா?
– வாசகர், போச்சம்பள்ளி

ப: முடியாது தம்பி. 2008-ல் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மன் கோயிலில் ஒரு பெண் பூசை செய்ய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழிவிட்டது. 2023-ல் ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். அந்தப் பள்ளிகளை நடத்துவது அறநிலையத் துறை. அமெரிக்காவிலோ, யாருக்குக் குருப்பட்டம் என்பதில் அரசு தலையிடக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலிருந்து வரும் பாதுகாப்பு.

கே: பெங்களூரு ஆலயத்துக்கு நாம் போய்ப் பார்க்கலாமா? ஞாயிறு கூட்டத்துக்குப் பெண்கள் முக்காடு போட வேண்டுமா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

ப: இரண்டும் வேறு வேறு கட்டடம். 2018 ஏப்ரலில் அறிவித்து 2020 டிசம்பரில் கட்டத் தொடங்கிய ஆலயம், இந்தியாவில் இவர்களுடைய முதல் ஆலயம். இவர்களுடைய வழக்கப்படி பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள்; அதன்பிறகு பரிந்துரைச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். அந்தச் சீட்டுக்கு உள்ளூர்த் தலைவர் ஒரு பேட்டி, அதற்கு மேலுள்ளவர் ஒரு பேட்டி. பெண்ணையும் பேட்டி காண்பது ஆண்தான். உடன் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டால் 2018 முதல் அதற்கு இடம் உண்டு.

ஞாயிறு கூட்டம் நடப்பது சாதாரணச் சபைக் கூடத்தில். யாரும் போகலாம், இரண்டு மணி நேரம். முக்காடு தேவையில்லை, புடவையோ சுடிதாரோ போதும். காணிக்கைத் தட்டு வராது, தசமபாகத்தை உறுப்பினர்கள் தனியே செலுத்திவிடுவார்கள். வரும் தட்டு திருவிருந்துத் தட்டு. எடுக்க விருப்பமில்லை என்றால் அடுத்தவரிடம் நீட்டிவிடுங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.